பாம்புக்குப் பால் வார்த்தல்: கைம்மாறு கருதாப் பராமரிப்புப் பற்றிய ஒரு சிந்தனை

நன்றி மறந்தவனைச் சுட்டுவதற்கு நம்மவர் பேச்சில் வழங்கும் தொடர்களுள் 'பாம்புக்குப் பால் வார்த்தது போல' என்பது யாவரும் அறிந்ததொன்று. பாலை உண்ட பாம்பு நஞ்சைக் கக்கும். ஆதலின் தகுதியறிந்தே உதவுதல் வேண்டும் என்பது அதன் கருத்து. கிரேக்கரிடையே ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதையொன்றும் இதனையே கூறுகின்றது. குளிரில் விறைத்துக் கிடந்த பாம்பொன்றை உழவன் ஒருவன் எடுத்துத் தன் மார்போடணைத்துச் சூடேற்றினான். உயிர்ப்புற்ற பாம்பு அவனையே தீண்டியது. வெவ்வேறான இரு மக்கட் கூட்டத்தார் ஒரே விலங்கின்மீது ஒரே குற்றத்தைச் சுமத்தியிருப்பதைக் காணுமிடத்து, அக்குற்றச்சாட்டை மீண்டும் ஒருமுறை விசாரித்தல் தகும் எனத் தோன்றுகின்றது. நன்றி கூற இயலாத ஓர் உயிருக்கு நாம் கடமைப்பட்டவர்களா? நம்மைக் கடிக்க வருமொன்றைப் பேணுதல் அறமா, பேதைமையா? இவ்வினாக்களை உண்மையான நிகழ்ச்சியொன்றைக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மேற்படிப்பின் பொருட்டு இங்கிலாந்து சென்றிருந்த காலத்தில், ஓய்வுபெற்ற தாதியொருவரின் இல்லத்தில் அறையொன்றை வாடகைக்குப் பெற்றுத் தங்கியிருந்தேன். அவ்வம்மையார் பேணிவந்த உயிர்களுள் மலைப்பாம்பு ஒன்றும் இருந்தது. மலைப்பாம்பு என்றவுடன் நமது வன்னிக் காடுகளில் மானையும் விழுங்கவல்ல வெங்கிணாந்தியே நம் மனக்கண்ணில் தோன்றும். இஃது அதுவன்று. 'அரச மலைப்பாம்பு' என இங்கிலாந்திலும், அஞ்சுங்கால் தலையை உள்ளே மறைத்துப் பந்துபோற் சுருண்டுகொள்வதனால் 'பந்து மலைப்பாம்பு' என அமெரிக்காவிலும் வழங்கப்படும் சிறிய இனம் இது. ஒன்று முதல் ஒன்றரை மீற்றர் வரை வளரும், நஞ்சற்றது. மேற்காபிரிக்காவினதும் மத்திய ஆபிரிக்காவினதும் புல்வெளிகளில், கொறிவிலங்குகளின் வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகற்பொழுதைக் கழித்து இரவில் வெளிவருவது. கானா, தோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து பல ஆண்டுகளாகப் பெருந்தொகையாக ஏற்றுமதியானமையால், இன்று மேனாட்டு வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் பாம்பினங்களுள் ஒன்றாயிற்று. பெனின் நாட்டின் உவீடா நகரிலே இதே பாம்புகளுக்கென ஒரு கோயில் உண்டு. நாகதம்பிரான் கோயில்களிற் பொங்கலிடும் நமக்கு அது வியப்பளிக்காது. ஓரிடத்திலே தெய்வமாய்ப் போற்றப்படும் உயிர் வேறோரிடத்திலே பெட்டியிலடைத்து விலைபேசும் பண்டமாகிவிடுகின்றது.

அம்மையாரிடமிருந்த பாம்பு விலைக்கு வாங்கப்பட்டதன்று. வாடகை வீடொன்றை விட்டு நீங்கிய எவரோ கண்ணாடிப் பெட்டியோடு கைவிட்டுச் சென்றது. பெட்டியின் கீழே வெப்பத்தகடொன்று இருந்தது. அதன் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி இருக்கவில்லை. ஆகவே பாம்பின் வயிற்றுச் செதில்கள் வெந்து புண்ணாகியிருந்தன. மறைந்திருக்க ஒரு பொந்துதானும் அதனுள் இல்லை. நாற்புறமும் கண்ணாடி, நாற்புறமும் வெளிச்சம். முதலில் அதனைப் பெற்றுக்கொண்டவர் இருவர், அது கடிக்கின்றதென்று கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டனர். மூன்றாவதாக அம்மையாரிடம் வந்தபோது பெட்டியின்மீது ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்ததாம். 'மூர்க்கமானது' என்பதே அதிலிருந்த ஒரே சொல்.

அச்சொல்லை முதலில் ஆராய்தல் வேண்டும். மூர்க்கம் என்பது ஒருவனது குணத்தைப் பற்றிய தீர்ப்பு. தீங்கு செய்யும் விருப்பம் அவனுள்ளே குடிகொண்டிருக்கின்றது என்பது அதன் பொருள். பாம்பின் கடியோ பெரும்பாலும் இரு காரணங்களால் நிகழ்வது. ஒன்று பசி. மலைப்பாம்பின் உதட்டுச் செதில்களில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உள்ளன. பெட்டி திறக்கப்படும்போதெல்லாம் இரையே வரும் எனப் பழகிய பாம்புக்கு, உள்ளே நீளும் வெம்மையான கையும் இரையாகவே தோன்றும். மற்றையது அச்சம். தன்னினும் பன்மடங்கு பெரியதோர் உருவம் மேலிருந்து இறங்கிப் பற்றும்போது, தப்பியோட வழியற்ற உயிர் வேறென்ன செய்யும்? காட்டிலே இப்பாம்பு பகைவரைக் கண்டால் முதலில் ஒளியும்; அதற்கு இயலாவிடிற் பந்தாய்ச் சுருளும்; கடித்தல் கடைசி வழியேயாகும். ஒளியவும் இடமின்றிச் சுருண்டும் பயனின்றி அடைபட்ட உயிர் அக்கடைசி வழியைக் கைக்கொண்டதனையே நாம் மூர்க்கம் என எழுதி ஒட்டிவிட்டோம். அச்சொல் பாம்பை விவரிக்கின்றதா, அன்றி அதனை வைத்திருந்தவரை விவரிக்கின்றதா என்பது சிந்தித்தற்குரியது.

அம்மையார் செய்தவை மிக எளியவை. முதற்கண் அதனைத் தொடுவதையே விட்டார். பெட்டியின் மூன்று பக்கங்களைக் கடதாசியால் மறைத்தார். பாம்பு தன் உடலின் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் உயிரன்று. சூடும் குளிர்ச்சியுமான இடங்களுக்கு மாறி மாறிச் சென்றே அதனைச் சரிசெய்துகொள்கின்றது. ஆதலின் பெட்டியின் ஒருபுறத்தை ஏறத்தாழ 32 பாகை செல்சியசிலும், மறுபுறத்தை 25 பாகை அளவிலும் இருக்கச் செய்தார். கட்டுப்பாட்டுக் கருவியையும் பொருத்தினார். உடல் முழுவதும் சுவரில் உரசும்படி அடங்கத்தக்க இறுக்கமான பொந்துகள் இரண்டை இரு புறத்திலும் வைத்தார். சூட்டை நாடினாலும் குளிர்ச்சியை நாடினாலும் அச்சமின்றி இருத்தல் வேண்டுமென்பது அவர் கருத்து. விலங்கு மருத்துவரிடம் காட்டிப் புண்ணுக்கு மருந்திட்டார். அது பல கிழமைகள் உண்ண மறுத்தது. இவ்வினம் மனங்கலங்கினால் மாதக் கணக்கில் உண்ணாதிருக்கக்கூடியது. அவர் வற்புறுத்தவில்லை. நிறையை மாத்திரம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு காத்திருந்தார்.

பின்னர் அவர் கைக்கொண்டது நீண்ட கம்பிக் கொளுவி ஒன்று. பெட்டியைத் திறந்ததும் அதனாற் பாம்பின் உடலை மெல்லத் தொடுவார். தொட்டால் உணவில்லை, எடுத்தல் மட்டுமே என்பதை அது நாளடைவில் அறிந்துகொண்டது. உணவளித்தபின் இரண்டு நாள்கள் அதனை அணுகமாட்டார். தோலுரிக்குமுன் அதன் கண்கள் பால்போல் மங்கும். பார்வை தெளிவற்ற அந்நாள்களில் அது எளிதில் வெருளும் என்பதால் அப்போதும் விலகியிருப்பார். எடுக்க நேர்ந்தால் தலைப்புறமாகவன்றிப் பக்கவாட்டாகச் சென்று, உடலின் நடுப்பகுதியைத் தாங்கி, நெரிக்காது ஏந்துவார்.

எனினும் ஒருநாள் அது அவரது பெருவிரலின் அடியைக் கௌவிக்கொண்டது. நான் பதறி அதனைப் பிடித்திழுக்க முற்பட்டேன். "இழுக்காதீர்கள், அதன் பற்கள் பின்னோக்கி வளைந்தவை. இழுத்தால் என் சதையும் கிழியும், அதன் பற்களும் முறியும்" என்று கூறித் தடுத்தார். குளிர்ந்த நீரை அதன் வாயருகே வார்க்கும்படி சொன்னார், அது விட்டது. இரத்தத்தைக் கழுவிக்கொண்டே, "இன்று நான் கொளுவியால் தொட மறந்துவிட்டேன்" என்றார். பாம்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. கடியுண்டவர் கடித்ததனிடம் பிழை காணாது தம் செயலில் பிழை கண்டமை அன்று எனக்கு மிகையாகவே பட்டது. மீளச் சிந்தித்தபோது அது பெருந்தன்மையும் அன்று, தன்னிரக்கமும் அன்று. வெறும் உண்மை என்பது புலப்பட்டது. இருவருள் நடந்ததை வேறுவிதமாக நடத்தியிருக்கக்கூடியவர் அவர் ஒருவரே.

இவ்விடத்திலே நம் பழமொழிக்கு மீள்வோம். பாம்பு பாலுண்ணும் உயிரன்று. பாலூட்டிகளுக்கே உரிய உணவு அது. ஊர்வனவற்றின் குடல் அதற்கென அமைந்ததன்று. நீர் கிடையாத வேளையிற் பாலையும் அது பருகக்கூடும். அது தாகத்தின் செயலேயன்றி விருப்பத்தின் செயலன்று. ஆகவே பாம்புக்குப் பால் வார்த்தவன், பாம்புக்கு எது வேண்டும் என ஒருபோதும் வினவியவனல்லன். தனக்கு எது உயர்ந்ததோ அதனை வார்த்தான். வார்த்ததற்கு நன்றியையும் எதிர்பார்த்தான். ஈசாப்புக் கதையின் உழவனும் அத்தகையவனே. விறைத்த உடல் சூடேறி உணர்வு பெறும்போது, தன்னை இறுக அணைத்திருக்கும் பேருருவத்தைக் காணும் பாம்பு அதனை உதவி என எங்ஙனம் அறியும்? வெயிற்பட்ட கல்லின்மீது அதனை வைத்து விலகியிருந்தால் அவன் பிழைத்திருப்பான், பாம்பும் பிழைத்திருக்கும். ஆனால் அப்போது தான் காத்தவன் என்னும் நிறைவு அவனுக்குக் கிடைத்திராது. இவ்விரு கதைகளிலும் குற்றம் நன்றியின்மையன்று. பெறுபவனை நோக்காது தன்னையே நோக்கிய ஈகையே குற்றம்.

மெய்யியலாளர் இது தொடர்பாகக் கூறியவற்றைச் சுருக்கமாக நோக்குவோம். பதினேழாம் நூற்றாண்டில் டேக்காட் விலங்குகளைப் பொறிகளோடு ஒப்பிட்டார். இமானுவேல் கான்ற் 1797இல் வெளியிட்ட ஒழுக்க மெய்யியல் நூலில், விலங்குகள் தொடர்பான நம் கடமைகள் உண்மையில் நமக்கு நாமே ஆற்றும் கடமைகள் என்றார். விலங்கைக் கொடுமைப்படுத்துபவனது மனம் மரத்து, மனிதரிடத்தும் இரக்கமற்றதாகிவிடும் என்பது அவர் வாதம். நெடுங்காலம் உழைத்த முதிய குதிரைக்கும் நாய்க்கும் காட்டும் நன்றியையும் அவர் அங்கு குறிப்பிடுகின்றார். ஆனால் நமது பாம்பு யாருக்கும் உழைத்ததன்று. அதனிடம் பட்ட நன்றிக்கடன் எதுவுமில்லை. அதனை நோக்கும்போது உள்ளம் தானே உருகுவதுமில்லை. குதிரையையும் நாயையும் கொண்டு கட்டிய கோட்பாடு பாம்பினிடத்து வந்ததும் தடுமாறுகின்றது. ஜெரமி பெந்தமோ 1789இல் வெளிவந்த தம் நூலில், விலங்குகள் சிந்திக்குமா, பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே கேட்கவேண்டிய வினா எனக் காட்டினார். வெந்த வயிற்றோடு கிடந்த உயிரைப் பொறுத்தவரை இவ்வளவுகோலே பொருந்துவது. அது நம்மை விரும்புமா என்பதை அறிந்த பின்னரன்றோ அதன் புண்ணுக்கு மருந்திடவேண்டும் என எவரும் வாதிடார்.

ஆயின் அதன் துன்பத்தை நாம் எங்ஙனம் அறிவது? வௌவாலாக இருத்தல் எத்தகையது என்பதை மனிதன் உள்ளிருந்து அறியவியலாது என்று தோமஸ் நேகல் 1974இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. முகத்தசைகளும் குரலும் அற்ற பாம்பு வௌவாலினும் நமக்குத் தொலைவானது. இத்தொலைவைக் கடக்க அம்மையார் கற்பனையை நாடவில்லை. வெப்பமானியையும் நிறைத்தராசையும் குறிப்பேட்டையும் நாடினார். பிறிதோர் உயிரின் உள்ளத்தை அறியவியலாதபோதும் அதன் தேவைகளை அறியலாம். இங்கிலாந்திலும் வேல்சிலும் நடைமுறைக்கு வந்த 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டமும் இவ்வழியையே பின்பற்றியது. தகுந்த சூழல், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு இடம், பிற விலங்குகளோடு சேர்ந்தோ விலகியோ இருத்தற்கான ஏற்பாடு, நோவினின்றும் நோயினின்றும் காப்பு என ஐந்து தேவைகளை அது வகுத்தது. அன்பு என்னும் சொல் அப்பட்டியலில் இல்லாமை குறைபோல் தோன்றலாம். உண்மையில் அதுவே அதன் சிறப்பு. அன்பு பிறவாத இடத்தும் கடமை நிற்கின்றது.

இதற்கு எதிராக எழக்கூடிய மறுப்புகள் வலியவை. அவற்றைத் தவிர்த்துச் செல்லுதல் நேர்மையாகாது. முதலாவது, ஒரு பாம்பைப் பேணப் பல எலிகள் சாகவேண்டும். இரு கிழமைக்கு ஒன்று எனக் கொண்டாலும் ஆண்டுக்கு 26. இருபது ஆண்டுகளுக்கு 500க்கு மேல். எலியும் துன்புறும் உயிரே. பெந்தத்தின் அளவுகோலைப் பாம்புக்குப் பயன்படுத்தியவர் அதனை எலிக்கு மறுத்தல் ஒவ்வாது. அம்மையார் உயிருள்ள எலியை ஒருபோதும் இட்டதில்லை. கொன்று உறையவைத்து விற்கப்படுவதையே வாங்கி, சூடாக்கிக் கொடுத்தார். இதனால் எலியின் அச்சம் குறையுமேயன்றி அதன் சாவு இல்லாமற் போகாது. இவ்வினாவுக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. ஊனுண்ணும் உயிரை விரும்பி வாங்குவோர் இக்கணக்கையும் சேர்த்தே வாங்குகின்றனர் என்பதையும், அவர் கைவிடும்போது அக்கணக்கு வேறொருவர் தலையில் விழுகின்றது என்பதையும் மட்டும் கூறலாம்.

இரண்டாவது, காட்டில் விட்டுவிடலாகாதா என்பது. அது பிறந்த காடு அங்கில்லை. குளிர்நாட்டில் விட்டால் அது மாளும். வெப்பநாட்டில் விட்டால் பிற உயிர்கள் மாளக்கூடும். அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில், வளர்ப்போரிடமிருந்து தப்பியும் விடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் அங்குள்ள பாலூட்டிகளைப் பெரிதும் அழித்துள்ளன. 2012இல் அந்நாடு அவ்வினத்தின் இறக்குமதியைத் தடைசெய்யும் நிலையேற்பட்டது. ஊருக்குள் வரும் வெங்கிணாந்தியை மீண்டும் காட்டிற் சேர்த்தல் நம் நாட்டில் அறமாகலாம். கடல்கடந்து கொணரப்பட்டதற்கு அவ்வறம் பொருந்தாது. விடுதலை என்னும் அழகிய சொல் இங்கே கைகழுவுதலின் மறுபெயராகிவிடும்.

மூன்றாவது, மனிதர் பசித்திருக்கும் உலகில் பாம்புக்கு மருத்துவமா என்பது. இவ்வினா நியாயமானது, எனினும் இதனைக் கேட்போர் பலரும் பாம்புக்குச் செலவிடாத பணத்தைப் பசித்தவனுக்குக் கொடுத்துவிட்டுக் கேட்பதில்லை. இந்நாள்வரை பல்லாயிரம் நோயாளருக்குத் தொண்டாற்றிய தாதியிடம் அவ்வினாவை எழுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. மேலும், கண்ணெதிரே வைக்கப்பட்ட உயிருக்கும் கேள்வியளவில் அறிந்த துயருக்கும் இடையே கடமையின் தன்மை வேறுபடுகின்றது. உலகின் பாம்புகள் யாவற்றுக்கும் அவர் பொறுப்பேற்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்ட கணத்தில் ஒன்றுக்குப் பொறுப்பேற்றார். அப்பொறுப்பு நீண்டதுங்கூட. இவ்வினம் வளர்ப்பில் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். அமெரிக்காவின் சென் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 1961 முதல் வாழ்ந்துவந்த ஒன்று, அறுபது வயதைக் கடந்தபின் 2020இல் முட்டையிட்டதைச் செய்தித்தாள்கள் எழுதின.

இவற்றினும் நுட்பமான வினா பழக்குதல் பற்றியது. கடிக்கும் பாம்பைக் கையில் ஏந்தப் பழக்குவது அதன் நன்மைக்கா, நம் பெருமைக்கா? புண்ணைப் பார்க்கவும், பெட்டியைத் துப்புரவு செய்யவும், மருத்துவரிடம் கொண்டு செல்லவும் அதனை எடுத்தல் இன்றியமையாதது. அவ்வேளை அது அஞ்சாதிருத்தல் அதற்கும் நன்று. அதற்கு மேற்பட்டது நம் விருப்பம். என்னைப் பார்க்க வந்த நண்பர் ஒருவர், தோளில் அதனைப் போட்டுப் படமெடுக்க விரும்பினார். அம்மையார் முறுவலித்து, "அதற்கு அதனால் ஒன்றும் ஆவதில்லையே" என்று கூறி மறுத்துவிட்டார். காப்பாற்றப்பட்டது என்பதற்காகக் காட்சிப் பொருளாதல் வேண்டுமென்ற நியதி இல்லை.

இங்கே சிந்தனை பாம்பைக் கடந்து செல்வதைத் தவிர்க்கவியலாது. மனிதரைப் பாம்போடு ஒப்பிடுதல் என் கருத்தன்று. ஒப்பிடத்தக்கது கொடுப்பவரது மனப்பாங்கே. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரங்களுக்கு வந்த நிவாரணப் பொதிகளில், இவ்வெப்ப நாட்டில் எவரும் உடுத்தவியலாத தடித்த குளிராடைகளும் இருந்தன. அவற்றைப் பெற்றவர் முகமலர்ந்து நிற்கவேண்டும். படத்துக்கு நிற்க மறுத்தவர், சினந்து பேசியவர், வரிசையில் முரண்டு பிடித்தவர் 'நன்றியற்றவர்' எனப்பட்டனர். எல்லாம் இழந்தவனது சினத்தை அவன் குணமெனக் கொண்டு தாளில் எழுதி ஒட்டுதல் எத்துணை எளிது! வள்ளுவர் ஒப்புரவறிதலைக் கூறும் அதிகாரத்தின் தொடக்கத்திலேயே, மழைக்கு உலகம் என்ன கைம்மாறு செய்யவல்லது என்று வினவுகின்றார். பெரும்பாலும் இதனை ஈவோரின் உயர்வைப் போற்றுவதாகவே நாம் படிக்கின்றோம். பெறுவோரை நன்றிக்கடனினின்றும் விடுவிப்பதாகவும் அதனைப் படிக்கலாம்.

நான் நாடு திரும்பும்வரை அப்பாம்பு சாதுவாகிவிடவில்லை. புண் ஆறி, வடு மட்டும் எஞ்சியது, ஒழுங்காக உண்டது, கொளுவி தொட்டதும் தலையைத் தாழ்த்தி அமைதியுற்றது. எனினும் எதிர்பாராத அசைவைக் கண்டால் இன்னமும் சீறிப் பாய்ந்தது. அம்மையாரைத் தன்னைக் காத்தவர் என அது அறிந்திருந்தது என்பதற்கு எந்தச் சான்றையும் நான் காணவில்லை. புறப்படும் நாளன்று, தமக்குப் பின் அதனை யார் பொறுப்பேற்பது என்பதைத் தம் இறுதி விருப்ப ஆவணத்தில் எழுதி வைத்திருப்பதாக அவர் கூறினார். பெட்டியின்மீது பழைய தாள் இருந்த இடத்தில் அவர் வேறொன்றை ஒட்டியிருந்தார். சூட்டின் அளவு, உணவளித்த நாள், தோலுரித்த நாள், முதலிற் கொளுவியால் தொடவும் என்ற குறிப்பு ஆகியவை அதில் இருந்தன. பாம்பின் குணம் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

பாம்புக்குப் பால் வார்த்தல் பேதைமைதான். அதில் நம் முன்னோர் கூற்று பிழைபடவில்லை. ஆனால் அதன் காரணம் பாம்பு நஞ்சு கக்கும் என்பதன்று. அதற்கு வேண்டியது பாலன்று என்பதே. எதற்கு எது வேண்டும் என்று கேட்டறிந்து கொடுப்பதும், கொடுத்தபின் ஒன்றையும் எதிர்பாராது கையை எடுத்துக்கொள்வதுமே பராமரிப்பு எனப்படும். அது நமக்குக் கற்பிக்கப்படவேண்டியிருக்கின்றது, பாம்புக்கு அன்று.